இருட்டு எங்கே முடிகிறது? கரண்ட் போனால் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

கரண்ட் போனதும் நாம் எல்லோரும் செய்வது இரண்டு. கைப்பேசி விளக்கைப் போடுவோம். பிறகு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "உங்க வீட்ல இருக்கா?" என்று கேட்போம். கேள்வி சரிதான், கேட்கும் ஆள்தான் தப்பு. இங்கே சிங்கப்பூரில், பொங்கோலில் இருக்கும் மாமா வீட்டில் கரண்ட் இருப்பதும் இல்லாததும் ஈசூனில் இருக்கும் உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. கதவைத் திறந்து தாழ்வாரத்தைப் பாருங்கள், பிறகு ஜன்னல் வழியாக எதிர் புளோக்கை, அதாவது எதிரே உள்ள அடுக்குமாடிக் கட்டடத்தைப் பாருங்கள். இருட்டு எந்த இடத்தில் முடிகிறதோ, அநேகமாக அந்த எல்லையில்தான் ஏதோ ஒரு ஸ்விட்ச் திறந்திருக்கும்.

நான் இருபது வருடத்துக்கு மேலாகக் கட்டடங்களின் மின்னறைகளில் வேலை பார்க்கிறேன். சப்ஸ்டேஷன் என்றால் மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் இடம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி, தேவைப்படும்போது துண்டித்துவிடுவது. உள்ளே போய்ப் பார்த்தால் டிரான்ஸ்பார்மரைவிட ஸ்விட்ச்கியர், அதாவது மின்சாரத்தை வெட்டும் பெரிய ஸ்விட்ச்சுகள்தான் வரிசையாக நிற்கும். எங்கோ ஒரு கேபிள் பழுதானால் அந்தத் துண்டை மட்டும் கழற்றிவிட்டு மற்றவர்களைக் காப்பாற்றுவது அதன் வேலை. வெட்டும் இடம் ஒவ்வொன்றும் ஒரு எல்லை. அதனால்தான் இருட்டுக்கு ஒரு வடிவம் இருக்கிறது.

அறிகுறிகளுக்குப் போவதற்கு முன் மின்னழுத்தம் இறங்கி வரும் படிக்கட்டைத் தெரிந்துகொள்வோம். துவாஸ், ஜூரோங் தீவு, செனோக்கோ பக்கம் உள்ள மின் நிலையங்களிலிருந்து 400, 230 கிலோவோல்ட்டில் மின்சாரம் கிளம்புகிறது. வட்டாரத்துக்குள் வரும்போது 66 கிலோவோல்ட். பேட்டைக்குள் 22 கிலோவோல்ட், சில பழைய இடங்களில் 6.6. கடைசியில் புளோக்கின் கீழே 400 வோல்ட்டாக இறங்கி, வீட்டுக்குள் 230 வோல்ட்டாக வருகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு சப்ஸ்டேஷன். இந்தச் சின்னத் தீவில் சின்னதும் பெரியதுமாகப் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஏன் இவ்வளவு சுற்றி வர வேண்டும் என்று என்னிடம் ஒரு பயிற்சிப் பையன் கேட்டான். கணக்குப் போட்டுக் காட்டினேன். 1 மெகாவாட்டை 400 வோல்ட்டில் கொண்டுவந்தால் கேபிளில் சுமார் 1,440 ஆம்ப்பியர் ஓட வேண்டும். 22 கிலோவோல்ட்டில் 26 ஆம்ப்பியர் போதும். 230 கிலோவோல்ட்டில் இரண்டரை. கேபிள் சூடாகி வீணாவது ஆம்ப்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. அப்புறம் அவன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

சரி, இனி அறிகுறிகள்.

உங்கள் வீடு மட்டும் இருட்டு, தாழ்வாரத்தில் விளக்கு எரிகிறது

சப்ஸ்டேஷன் மேல் பழி போடாதீர்கள். பழுது உங்கள் வீட்டுக்குள்தான். கதவுக்குப் பக்கத்தில், வீட்டு மின் விசைகள் எல்லாம் இருக்கும் டிபி பெட்டியைத் திறந்து, எந்த விசை கீழே விழுந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். எம்சிபி, அதாவது சர்க்யூட்டுக்கு ஒன்றாக இருக்கும் சின்ன விசை ஒன்று விழுந்திருந்தால் அந்த ஒரு சர்க்யூட்டில் சுமை அதிகம் அல்லது ஷார்ட். ஆர்சிசிபி, அதாவது சோதனைப் பொத்தான் வைத்த அந்த அகலமான விசை விழுந்திருந்தால் கசிவு. போன கரண்ட்டும் திரும்பி வந்த கரண்ட்டும் 30 மில்லி ஆம்ப்பியர் அளவுக்கு வேறுபட்டாலே அது வெட்டிவிடும். 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகளில் இது கட்டாயமாக இல்லாமல் இருந்தது. அவற்றிலும் 2025 ஜூலை 1க்குள் பொருத்தியிருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் பெட்டியில் இன்னும் இல்லையென்றால் இதைப் படித்து முடிப்பதற்கு முன் உரிமம் பெற்ற மின் பணியாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

ஆர்சிசிபி விழுந்தால் வழக்கமான வழி இது: எல்லா எம்சிபியையும் இறக்குங்கள், ஆர்சிசிபியை ஏற்றுங்கள், எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ, பழுது அந்தச் சர்க்யூட்டில். பத்தில் எட்டு முறை வேலை செய்யும். மீதி இரண்டு முறைக்காகத்தான் ஒரு கதை சொல்கிறேன்.

ஒரு தீபாவளிக்கு முந்திய மாலை. ஏழு மணி இருக்கும், மழை கொட்டி ஓய்ந்திருந்தது. எங்கள் மாடியின் கடைசி வீட்டு அக்கா வந்து நிற்கிறார், கையெல்லாம் முறுக்கு மாவு. "தம்பி, வீடே இருட்டு. எண்ணெய் வேற அடுப்புல காயுது, கொஞ்சம் பாத்துட்டுப் போயேன்." முதலில் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டுப் போனேன். ஆர்சிசிபி விழுந்திருந்தது. எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஏற்றினேன். டப்பென்று விழுந்தது. எல்லாமே அணைந்திருக்கிறது, ஆனாலும் விழுகிறது! வீட்டுக்காரர் உடனே, "ஆர்சிசிபியே கெட்டுப்போச்சு, மாத்திடலாம்" என்றார்.

கெட்டுப் போகவில்லை. எம்சிபி கரண்ட் வரும் லைவ் கம்பியை மட்டும்தான் வெட்டும். கரண்ட் திரும்பும் நியூட்ரல் கம்பி இணைப்பிலேயே இருக்கும். ஏதாவது ஒரு சாமானில் நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் எம்சிபியை இறக்கினாலும் கசிவு வழி அப்படியே இருக்கும், ஆர்சிசிபி நிற்காது. ஆகவே ஸ்விட்ச்சை அணைப்பது போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். கிரைண்டர், ஃபிரிட்ஜ், துணி துவைக்கும் இயந்திரம், சாமி மேடை விளக்கு, எல்லாவற்றையும் பிடுங்கினோம். இன்னும் விழுந்தது. அப்போதுதான் அக்காவின் மகள், "அம்மா, வெளிய லைட்டு?" என்றாள். ஜன்னல் கம்பி வழியாக ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் தாழ்வாரத்துக்குப் போய், கதவைச் சுற்றியிருந்த வண்ண விளக்குச் சரத்தில் முடிந்தது. அந்த எக்ஸ்டென்ஷன் சாக்கெட் பூச்செடித் தட்டுக்குப் பக்கத்தில், நல்ல தண்ணீரில், மல்லாந்து படுத்திருந்தது. அதன் பிளக்கைப் பிடுங்கியதும் ஆர்சிசிபி விழாமல் நின்றது. முறுக்கு கொஞ்சம் தாமதமாக வந்தது, ருசி குறையவில்லை.

எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் விழுந்தால், நேரடியாக வயர் பண்ணிய வாட்டர் ஹீட்டரைச் சந்தேகியுங்கள். அதற்குமேல் உங்கள் வேலையில்லை. ஆர்சிசிபி விழாமல் இருக்க அதற்குக் குச்சி கொடுத்து நிறுத்திய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அது உயிருக்கே உலை.

உங்கள் வீட்டில் இல்லை, பக்கத்து வீட்டில் இருக்கிறது, சில வீடு தள்ளி மறுபடி இல்லை

டிபி பெட்டியில் எல்லாம் மேலேதான் இருக்கிறது, ஆனாலும் கரண்ட் இல்லை. தாழ்வாரத்தில் நடந்து பார்த்தால் பல் விழுந்த வாய் மாதிரி இங்கொன்றும் அங்கொன்றுமாக வீடுகள் இருட்டு. பலர் இதைப் பேய் வேலை போலப் பார்ப்பார்கள். விஷயம் எளிது. புளோக்குக்கு வருவது மும்முனை மின்சாரம், அதாவது மூன்று ஃபேஸ். பழைய ஆட்கள் சிவப்பு, மஞ்சள், நீலம் என்பார்கள், இப்போது வயர் நிறம் பழுப்பு, கறுப்பு, சாம்பல் என்று மாறிவிட்டது. வீடுகளை இந்த மூன்று ஃபேஸுக்கும் சுமை சமமாகும்படி பிரித்துக் கொடுத்திருப்பார்கள். ஒரு ஃபேஸ் மட்டும் போனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீடுகள் இருண்டுவிடும். கீழே 400 வோல்ட் பலகையில் ஒரு ஃபியூஸ் போயிருக்கலாம், அல்லது மாடியேறும் கேபிளில் ஒரு இணைப்பு எரிந்திருக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். மின்வலையைப் பராமரிக்கும் எஸ்பி குழுமத்தின் 24 மணி நேர எண் 1800 778 8888ஐ அழைத்து, "எங்கள் மாடியில் இந்த இந்த வீடுகளில் இல்லை, இந்த வீடுகளில் இருக்கிறது" என்று சொல்லுங்கள். "கரண்ட் இல்லை" என்பதைவிட இந்த ஒரு வரி, வருகிறவருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

ஒரு விளக்கு மங்குகிறது, இன்னொன்று கண்ணைக் கூசுகிறது

முழு இருட்டைவிட எனக்கு இதுதான் பயம். மின்விசிறி தானாக வேகமெடுக்கிறது, அரிசிக் குக்கரை வைத்ததும் டிவி பளீரென்கிறது, எங்கோ கருகல் வாசனை. பக்கத்து வீட்டில் அதே நேரம் விளக்குகள் மங்கிச் சிவக்கின்றன. நியூட்ரல் கழன்றிருக்கிறது என்று அர்த்தம்.

நியூட்ரல் ஒழுங்காக இருக்கும்வரை ஒவ்வொரு வீட்டுக்கும் 230 வோல்ட், கூடக்குறைய 6 விழுக்காடு. அது அறுந்தால் வேறு வேறு ஃபேஸில் இருக்கும் இரண்டு வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்தது போல ஆகிவிடும், நடுவில் 400 வோல்ட். ஒரு வீட்டில் 2,000 வாட் கெட்டில், இன்னொரு வீட்டில் 100 வாட் டிவி மட்டும் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்டில் வீட்டுக்கு இருபது வோல்ட் கூட மிஞ்சாது. டிவி வீட்டுக்கு 380 வோல்ட் போகும். குறைவாகச் செலவு செய்கிறவன் அதிகமாக அடி வாங்குகிறான், வேடிக்கையான நியாயம்.

இங்கே ஆராய்ச்சி வேண்டாம். மெயின் ஸ்விட்ச்சை இறக்குங்கள். பக்கத்து வீடுகளைத் தட்டி அவர்களையும் இறக்கச் சொல்லுங்கள். பிறகு அழையுங்கள். வந்து சரிசெய்து, மின்னழுத்தத்தை அளந்து காட்டிய பிறகே மேலேற்றுங்கள். ஆர்சிசிபி இதிலிருந்து உங்களைக் காப்பாற்றாது. அதற்குத் தெரிந்தது கசிவு மட்டும்.

புளோக் முழுக்க இருட்டு, எதிர் புளோக்கில் சீரியல் ஓடுகிறது

லிப்ட் நின்றிருக்கும், தாழ்வார விளக்கும் இருக்காது. இப்போதுதான் கதை சப்ஸ்டேஷனுக்குப் போகிறது. உங்கள் புளோக் பக்கத்தில், குப்பை மையத்தையோ கார் நிறுத்துமிடத்தையோ ஒட்டி, காற்றுப் பலகை வைத்த இரும்புக் கதவோடு ஒரு அறை இருக்கும். நான்கு மொழிகளில் எச்சரிக்கை, தமிழில் "அபாயம்". அங்கேதான் 22 கிலோவோல்ட் 400 வோல்ட்டாக இறங்குகிறது. டிரான்ஸ்பார்மருக்கு அடுத்த 400 வோல்ட் பக்கத்தில் எங்கேயோ, அல்லது உங்கள் புளோக்குக்குப் போகும் கேபிளில் கோளாறு.

"22 கிலோவோல்ட் கேபிள் அறுந்திருக்கும்" என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதீர்கள். இங்கே 22 கிலோவோல்ட் வலை அமைந்திருக்கும் விதமே வேறு. சிக்குக் கோலம் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? புள்ளிகளைச் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் கோடு. அப்படித்தான் ஒரு 66 கிலோவோல்ட் சப்ஸ்டேஷனிலிருந்து கேபிள் கிளம்பி, பேட்டையில் உள்ள சின்ன சப்ஸ்டேஷன்களைத் தொட்டுக்கொண்டே அதே இடத்துக்குத் திரும்பி வரும். வளையம் எப்போதும் மூடியே இருக்கும். வரைபடத்தில் பல வளையங்களைச் சேர்த்துப் பார்த்தால் பூவிதழ் மாதிரி தெரியும், அப்படியே பெயரும் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு கேபிள் துண்டின் இரு முனையிலும் காவல் ரிலே, அதாவது பழுதை உணர்ந்து வெட்டச் சொல்லும் கருவி, உண்டு. எங்கள் ஆட்கள் வாயில் அது சோல்கார். இந்த முனையில் நுழைந்த கரண்ட் அந்த முனையில் வெளியே வந்ததா என்று இரண்டும் ஒரு பைலட் கம்பி மூலம் கேட்டுக்கொண்டே இருக்கும். கணக்கு இடித்தால் இரு முனையையும் வெட்டிவிடும். வளையத்தின் மறுபக்கம் இருப்பதால் ஒரு சப்ஸ்டேஷன்கூட இருளாது. உங்கள் தெருவில் 22 கிலோவோல்ட் கேபிள் ஒன்று செத்த நாளில் நீங்கள் டீ போட்டுக் குடித்திருப்பீர்கள், தெரிந்தே இருக்காது.

வளையம் இல்லாதது கடைசி 400 வோல்ட் பகுதிதான். பழைய 6.6 கிலோவோல்ட் பகுதிகளிலும் வளையம் நடுவில் திறந்து கிடக்கும். அங்கே பழுது வந்தால் ஆள் வர வேண்டும், கெட்ட துண்டைக் கழற்ற வேண்டும், மறுபக்கத்திலிருந்து கொடுக்க வேண்டும். மாற்று வழி இல்லாத இடமாக இருந்தால் லாரியில் ஜெனரேட்டர் வரும். ஆகவே புளோக் முழுக்க இருட்டு என்றால், வீட்டிலிருந்து நீங்கள் சரிசெய்ய ஒன்றுமில்லை. ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காதீர்கள், மருத்துவக் கருவி ஓடும் வீடாக இருந்தால் அழைக்கும்போது முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள், லிப்டில் யாராவது மாட்டியிருக்கிறார்களா என்று காது கொடுத்துக் கேளுங்கள். லிப்ட் விஷயத்துக்குப் புளோக்கைப் பராமரிக்கும் நகர மன்றத்தின் அவசரப் பராமரிப்பு எண்ணை அழைக்க வேண்டும். அந்த எண் லிப்ட் பக்கத்திலேயே ஒட்டியிருக்கும்.

ஒரு கண் சிமிட்டு, அவ்வளவுதான்

விளக்கு மங்கித் திரும்பிவிட்டது. ஆனால் ஏர்கான் நின்றுபோனது, லிப்ட் ஒரு குலுக்கலோடு நடுவில் நிற்கிறது, அலுவலகத்தில் பாதிக் கணினி மறுபடி தொடங்குகிறது. கரண்ட் போகவில்லை, மின்னழுத்தம் ஒரு நொடியின் சிறு பங்கு நேரம் குழியில் விழுந்து எழுந்திருக்கிறது. இரண்டு மூன்று பேட்டை தள்ளி ஒரு பெரிய கேபிளில் பழுது வந்தாலும் இது நடக்கும். ரிலே கண்டுபிடித்து பிரேக்கர் (கரண்ட்டை வெட்டும் ஸ்விட்ச்) திறக்கும் வரை அந்தப் பழுது வட்டாரத்து மின்னழுத்தத்தையே கீழே இழுத்து வைத்திருக்கும். பழுதை வெட்டியதும் எழுந்துவிடும்.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்கள் இங்கே குழம்புவார்கள். ஊரில் கரண்ட் போய் வரும், போய் வரும், மூன்றாம் முறை மொத்தமாகப் போகும். அங்கே கம்பிகள் ஆகாயத்தில். காகமோ தென்னை மட்டையோ பட்டு விலகினால் பழுது போய்விடும், அதனால் பிரேக்கர் மறுபடி மூடிப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. இங்கே ஏறக்குறைய எல்லாக் கேபிளும் மண்ணுக்கடியில். மண்ணுக்குள் காகம் கிடையாது. கேபிளில் பழுது வந்தால் அது நிலையான பழுது, மறுபடி மூடினால் இன்னொரு வெடிதான் மிச்சம். அதனால் திறந்தது திறந்தபடியே இருக்கும், உங்களுக்கு ஒரே ஒரு சிமிட்டு.

யார் காரணம்? வயசான கேபிள் இணைப்பு ஒரு காரணம். மண் தோண்டும் இயந்திரம் இன்னொன்று. உரிமம் பெற்ற கேபிள் கண்டறியும் ஆளை வைத்துப் பார்க்காமல் இங்கே தோண்டக் கூடாது. உயர் மின்னழுத்தக் கேபிளைச் சேதப்படுத்தினால் 10 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 5 வருடம் வரை சிறை. பெரிய கேபிள்கள் சிலவற்றை இந்த வம்பே வேண்டாம் என்று சுமார் 60 மீட்டர் ஆழத்தில் சுரங்கம் தோண்டி உள்ளே போட்டுவிட்டார்கள். வடக்கு தெற்காக ஒன்று, கிழக்கு மேற்காக ஒன்று, இரண்டும் சேர்த்து 35 கிலோமீட்டர்.

வீட்டில் செய்ய வேண்டியது குறைவு. ஏர்கானை உடனே மறுபடி போடாமல் மூன்று நிமிடம் விடுங்கள், கம்ப்ரெஸருக்கு மூச்சு வாங்க வேண்டும். மாதத்துக்கு நான்கைந்து முறை இப்படிச் சிமிட்டுகிறது, ஆனால் எதிர் வீட்டில் இல்லை என்றால் அது வேறு கதை. உங்கள் வீட்டு இணைப்பு ஒன்று தளர்ந்திருக்கிறது.

பேட்டை பேட்டையாக இருட்டு, இடையில் வெளிச்சத் திட்டுகள்

2018 செப்டம்பர் 18, விடியற்காலை 1.18. நான் அப்போது உட்லண்ட்ஸில் குடியிருந்தேன். மின்விசிறி நின்றது, வியர்வை எழுப்பிவிட்டது. டிபி பெட்டி சரி, தாழ்வாரம் இருட்டு, எதிர் புளோக் இருட்டு. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் தூரத்தில் ஒரு கூட்டம் புளோக்குகள் மட்டும் கல்யாண மண்டபம் மாதிரி எரிகின்றன. கேபிள் பழுது இப்படி இருட்டாது. அது ஒரு இடத்தில் தொடங்கி ஒரு இடத்தில் முடியும். இது தட்டில் உப்பு தெளித்த மாதிரி இருந்தது. மனைவியிடம், "இது ஜெனரேஷன் போயிருக்கு, ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துடும்" என்றேன். அவள் நம்பவில்லை, விசிறி மட்டையைத் தேடப் போனாள்.

நடந்தது இதுதான். மின் உற்பத்தி அலகுகள் திடீரென நின்றன. தேவை அப்படியே இருக்க உற்பத்தி மட்டும் குறைந்தால் சுழலிகள் எல்லாம் மூச்சு வாங்கி வேகம் குறையும், 50 ஹெர்ட்ஸாக இருக்க வேண்டிய அதிர்வெண் கீழே இறங்கும். அப்படியே விட்டால் மீதி அலகுகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று தீவு முழுக்க இருண்டுவிடும். அதைத் தடுக்கத்தான் சப்ஸ்டேஷன்களில் அதிர்வெண் ரிலேக்கள் காத்திருக்கின்றன. குறித்த அளவுக்குக் கீழே போனதும், யாரையும் கேட்காமல், முன்பே பட்டியலிட்ட ஃபீடர்களை, அதாவது வட்டாரங்களுக்குப் போகும் கேபிள் வழிகளை அவை வெட்டிவிடும். பாரம் தாங்காத படகிலிருந்து மூட்டையைத் தூக்கிப் போடுவது மாதிரி. அன்று அந்த மூட்டை நாங்கள்: 19 வட்டாரங்களில் 146,797 வாடிக்கையாளர்கள். பெடோக்கிலும் இருட்டு, ஜூரோங்கிலும் இருட்டு, நடுவில் பல இடங்களில் வெளிச்சம். 38 நிமிடத்தில், 1.56க்கு எல்லோருக்கும் திரும்பிவிட்டது. கேபிள் அறுந்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் வராது. ஒன்றும் உடையவில்லை, திறந்த பிரேக்கர்களை மூடினால் போதும். மனைவி இன்றுவரை அது குருட்டு அதிர்ஷ்டம் என்கிறாள்.

நம் வலை தனி வலையும் இல்லை. ஜோகூர் நீரிணையைக் கடந்து மலேசியத் தீபகற்பத்தோடு 230 கிலோவோல்ட் இணைப்பு இருக்கிறது. ஒரு பக்கம் இடறினால் மறுபக்கத்திலிருந்து உடனே கைகொடுப்பதற்காகத்தான் அது முதலில் வந்தது. 2022 ஜூனில் அதே கம்பி வழியாக லாவோஸின் நீர்மின்சாரம் தாய்லாந்தையும் மலேசியாவையும் தாண்டி இங்கே வரத் தொடங்கியது, தொடக்கத்தில் 100 மெகாவாட் வரை. 7,000 மெகாவாட்டுக்கு மேல் கேட்கும் ஊருக்கு அது ஒரு கைப்பிடி அரிசிதான். ஆனால் மேகோங் பக்கத்து ஆற்றுத் தண்ணீருக்கும் உங்கள் வீட்டுக் குக்கருக்கும் நடுவில் எத்தனை சப்ஸ்டேஷன் என்று எண்ணிப் பார்த்தால் தூக்கம் வந்துவிடும். ஜூரோங் தீவில் 200 மெகாவாட் பேட்டரிக் கிடங்கும் இப்போது உண்டு. அதிர்வெண் சரியும் அந்த முதல் நொடிகளைத் தாங்கிப் பிடிக்க அது உதவும்.

இந்த அறிகுறிக்கு நீங்கள் செய்ய வேண்டியது: காத்திருங்கள். அழைப்பு மையத்தை நெரிக்க வேண்டாம், அவர்களுக்குத் தெரியும்.

சப்ஸ்டேஷன் அறை சத்தம் போடுகிறது

ம்ம்ம் என்ற ஒரே சீரான ரீங்காரம் சாதாரணம். டிரான்ஸ்பார்மர் உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகள் காந்தம் மாறும்போதெல்லாம் நூலளவு நீண்டு சுருங்கும். 50 ஹெர்ட்ஸுக்கு அது நொடிக்கு 100 முறை. சாயங்காலம் எல்லோரும் ஏர்கான் போடும்போது சுருதி கொஞ்சம் கனக்கும், அதுவும் சரி.

சரியில்லாதது வேறு மாதிரி இருக்கும். கடுகு தாளிக்கும் சடசட, பாம்பு சீறுவது போன்ற ஓசை, ஓசோன் அல்லது கருகிய பிளாஸ்டிக் வாசனை, காற்றுப் பலகை வழியாகப் புகை, கதவுக்கடியில் மழைத்தண்ணீர் உள்ளே போவது. விலகி நின்று அழையுங்கள். புகை என்றால் தீயணைப்பு எண் 995 முதலில். கதவில் உள்ள சப்ஸ்டேஷன் பெயரையோ எண்ணையோ தூரத்திலிருந்து படித்துச் சொன்னால் ஆட்கள் நேராக வந்துவிடுவார்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். பந்து உள்ளே போய்விட்டது என்று கம்பியை நுழைக்கும் பிள்ளைகளைக் கண்டால் காதைத் திருகுங்கள்.

கட்டடத்து மின்னறையில் பிரேக்கர் விழுந்துவிட்டது

இது என்னைப் போல வேலை பார்க்கிறவர்களுக்கு, குறிப்பாக இரவுப் பணியில் தனியாக இருக்கும் தம்பிகளுக்கு. 22 கிலோவோல்ட் நேராக வாங்கும் கட்டடங்களில் பிரேக்கர் விழுந்ததும் மேலிருந்து போன் வரும்: "லைட் எப்ப வரும்?" கை தானாக ரீசெட் பொத்தானுக்குப் போகும். நிறுத்துங்கள். ரிலேயில் காரணத்தைக் காட்டும் எந்தக் கொடி விழுந்திருக்கிறது, எந்த விளக்கு எரிகிறது என்று முதலில் படம் எடுங்கள். எர்த் ஃபால்ட்டா (கரண்ட் மண்ணுக்குப் போவது), ஓவர்கரண்ட்டா (அளவுக்கு மீறிய கரண்ட்), எந்த ஃபேஸ், மணி என்ன. ரீசெட் செய்த நிமிடமே சாட்சி அழிந்துவிடும். ஒரு கட்டடத்தில் முன்னால் இருந்தவர் அப்படி அழித்துவிட்டுப் பிரேக்கரை மூடினார், மறுபடி விழுந்தது, மறுபடி மூடினார். மூன்றாவது முறை மூடிக் கொஞ்ச நேரம் கழித்து, கேபிள் பெட்டியின் மூடி கதவில் வந்து அடித்தது. அவர் அப்போது காபி வாங்கப் போயிருந்தது பெற்றவர்கள் செய்த புண்ணியம்.

எர்த் ஃபால்ட் என்றால் இன்சுலேஷன் சோதனை செய்யாமல் மூடவே கூடாது, பொறுப்பான உரிமம் பெற்ற பொறியாளர் வரட்டும். ஓவர்கரண்ட் என்றால் கீழே எந்தச் சுமை புதிதாகச் சேர்ந்தது என்று கேளுங்கள். எண்ணெய் டிரான்ஸ்பார்மராக இருந்தால் மூச்சுக்குழாய்ப் புட்டியில் உள்ள, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லையும் ஒரு பார்வை பாருங்கள். நீலம் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் ஈரம் உள்ளே புகுந்திருக்கிறது. எண்ணெய்ச் சோதனையில் அசிட்டிலீன் வாயு வந்தால் உள்ளே தீப்பொறி பறந்திருக்கிறது என்று பொருள், தள்ளிப் போடும் விஷயமே இல்லை.

கரண்ட் வந்துவிட்டது, ஆனால் ஏதோ சரியில்லை

லிப்ட் உடனே வராது, சிலவற்றை ஆள் வந்து ரீசெட் செய்ய வேண்டியிருக்கும். மேல்மாடிகளில் குழாயில் காற்று வரலாம். கீழ்மாடிகளுக்குத் தண்ணீர் நேராகக் குழாயிலிருந்து வருகிறது, மேலே உள்ளவர்களுக்குப் பம்ப் ஏற்றிக் கூரைத் தொட்டியிலிருந்து இறங்குகிறது. பம்ப் திரும்ப ஓடவில்லையென்றால் தொட்டி காலியாகும் வரை யாருக்கும் தெரியாது. நகர மன்றத்துக்கு ஒரு போன் போடுங்கள். வீட்டில் ஏர்கான், வாட்டர் ஹீட்டர், கிரைண்டர் எல்லாவற்றையும் அணைத்து வைத்திருந்து ஒவ்வொன்றாகப் போடுங்கள். புளோக்கே ஒரே நேரத்தில் ஏர்கான் போட்டால் இப்போதுதான் மாற்றிய ஃபியூஸ் மறுபடி போகும். அரிசி பாதி வெந்த நிலையில் குக்கர் நின்றிருந்தால், பெரும்பாலான குக்கர்கள் தானாகத் தொடராது. பொத்தானை மறுபடி அழுத்த வேண்டும். எங்கள் வீட்டில் இது ஒவ்வொரு முறையும் மறந்துபோகும்.